நித்திரைத் தட்டு

கத்தாரிலிருந்து திரும்பி வந்த நாளிலிருந்து றம்ஸீனுக்கு உறக்கம் பிடிக்கவில்லை. அறவே வரவில்லை என்றால் ஆள் பிழைத்திருக்க மாட்டான். வரும்; வந்து, வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போய்விடும். அடுப்புப் புகை பட்டது போலச் சிவந்த கண்ணோடு விடியலில் சுபஹ் தொழப் பள்ளிக்குப் போவான். பகலில் நடமாடினான், சாப்பிட்டான், கேட்டதற்குப் பதில் சொன்னான். எல்லாவற்றையும் தண்ணீருக்குள் இருந்துகொண்டு செய்வது போலச் செய்தான். தேத்தண்ணிக்கு உப்பைப் போட்டுக் குடித்துவிட்டு, "நல்லாயிரிக்கி" என்பான்.

அவன் மனைவி முஸ்பிறாவுக்கும் உறக்கம் கழன்று போயிற்று. உறங்காத மனிதனுக்குப் பக்கத்தில் படுப்பவள் எப்படி உறங்குவாள்? அவன் புரளும் சத்தம், எழும்பும் சத்தம், கதவைத் திறந்து கடற்கரைப் பக்கம் போகும் சத்தம், எல்லாவற்றையும் கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டு கிடப்பாள். கேட்காதது போலக் கிடப்பதே அவளுக்கு ஒரு வேலையாகிவிட்டது.

செய்யாத வைத்தியம் இல்லை. கல்முனையில் ஒரு டொக்டர் குளிசை கொடுத்தார். அது உறக்கத்தைத் தரவில்லை, பகலையும் சேர்த்து மங்கலாக்கியது. "இந்தக் கண்ணோட வாகனம் ஓட்ட வேணாம்" என்று அவர் சொன்னதால் முஸ்பிறா ஜீப் சாவியை வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். பள்ளி லெப்பை தண்ணீர் ஓதிக் கொடுத்தார். பக்கத்து வீட்டுச் சபூறா பாலில் சாதிக்காய் உரைத்துக் கொடுக்கச் சொன்னாள். றம்ஸீன் கொடுத்ததையெல்லாம் மறுக்காமல் குடித்தான். குடித்துவிட்டு விழித்திருந்தான்.

விசயம் பிடிபட்டது மாவடிப்பள்ளியில்.

மாவடிப்பள்ளிக்கு அப்பால் வயல்வெளி வட்டையில் அவர்களுக்குக் கொஞ்சம் வயல் இருந்தது. மழை தொடங்கினால் வாய்க்கால் ஓரத்துப் பாதை முழுக்கச் சேறாகிவிடும். அதற்காகத்தான் நாலு சில்லும் சேர்ந்து இழுக்கிற அந்தப் பழைய பஜேரோ ஜீப்பை வாங்கியிருந்தார்கள். வெள்ளை நிறம் வெளிறி, காய்ந்த பால்மா நிறத்துக்கு வந்திருந்த வாகனம். றம்ஸீன் கத்தாரில் இருந்த காலத்தில் மகள் றுமானாவைப் படிப்புக்கு ஏற்றி இறக்குவதற்காக முஸ்பிறா ஓட்டப் பழகியிருந்தாள். இப்போது மகள் யாழ்ப்பாணத்தில் படிக்கிறாள்; ஜீப்பும் வயலும் புருசனும் முஸ்பிறாவின் கையில்.

அன்றைக்கு வயலிலிருந்து திரும்பும்போது முன் சீட்டில் பயிருக்கு மருந்தடிக்கிற தாங்கி இருந்தது. கவிழ்ந்து ஒழுகிவிடுமென்று அதற்கு பெல்ட் போட்டு வைத்திருந்தாள். றம்ஸீன் பின்னால் ஏறி விதைநெல் மூட்டைகளின் மேல் சரிந்துகொண்டான். மதகைத் தாண்டியதும் அவள் ஏதோ கேட்டாள். பதில் இல்லை. இன்னொரு தரம் கேட்டுவிட்டுக் கண்ணாடியில் பார்த்தாள். அவன் வாய் திறந்திருந்தது. ஒரு கை மூட்டையிலிருந்து தொங்கி, வண்டி ஆடும் பக்கமெல்லாம் ஆடியது.

காரைதீவுச் சந்தியில் ஒரு பஸ்காரன் காது கிழிய ஹோர்ன் அடித்தான். றம்ஸீன் அசையவில்லை. அவள் மூச்சையும் மெதுவாக விட்டுக்கொண்டு வீடு வரைக்கும் ஓட்டி வந்தாள். வீட்டு வளவுக்குள் விட்டு, சாவியைத் திருப்பி, எஞ்சின் அடங்கிய அந்த நொடியில் பின்னாலிருந்து குரல் வந்தது.

"வந்துட்டமா?"

ஹோர்ன் எழுப்பாதவனை அமைதி எழுப்பிவிட்டது.

அன்றைக்கு மாலைதான் அவன் அதைச் சொன்னான். பாலைவனத்தில் நிலம் அளக்கிறவர்களை ஏற்றிப் போகும் வேலை அவனுக்கு. ஒரு வாகனத்துக்கு இரண்டு சாரதிகள். ஒருவன் ஓட்ட, மற்றவன் பின்னால் ஒரு பலகையில் படுத்து உறங்குவான். இத்தனை வருடமும் அப்படித்தான்.

"ஓடிக்கிட்டிருந்தா ஒறக்கம். நிண்டா எழும்பணும்" என்றான் றம்ஸீன். "நிண்டா என்ட முறை வந்திட்டு எண்டு அர்த்தம். வீடு எப்பவும் நிண்டுகிட்டுத்தானே இரிக்கி."

அவன் அதைச் சிரிப்பாகத்தான் சொன்னான். முஸ்பிறாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்ப பின்னால படுங்க. நான் ஓட்டுறன்" என்றாள்.

"என்ன கதை இது? நான் என்ன மையித்தா, பின்னால நீட்டி வெச்சிக் கொண்டுபோக? ஊர் சிரிக்கும்."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவள் மனதில் மட்டும் முடியவில்லை.

*

காரைதீவில் தச்சுவேலை செய்கிற பாக்கியராசாவிடம் அவள் தனியாகப் போனாள். அவர்களுடைய வீட்டுக் கதவு யன்னல் எல்லாம் அவர் போட்டவைதான். அவர் ஜீப்பின் பின்கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாமான் வைக்கிறதுக்கு ஒரு தட்டு வேணும் அண்ணன்" என்றாள் முஸ்பிறா. "கீழ மூட்டை, தாங்கி, மம்பட்டி எல்லாம் போகணும். மேல தட்டையா இரிக்கணும்."

"எவ்வளவு நீளம் தங்கச்சி?"

அவள் கையை நீட்டிக் காட்டினாள். பின்கதவிலிருந்து முன் சீட்டின் முதுகு வரைக்கும்.

"ஆறடி வரும். அப்படி என்ன சாமான் ஏத்தப்போறீங்க?"

"நீளமான சாமான்தான்."

"மேல மெத்தை போடணுமா?"

"ஓம். மெல்லிசா. கீறல் விழாம இரிக்க."

பாக்கியராசா தலையை வெளியே எடுத்து அவளைப் பார்த்தார். பிறகு ஜீப்பைப் பார்த்தார். "அந்தச் சாமான் எத்தனை கிலோ வரும் எண்டு சொன்னீங்க எண்டால், அதுக்கேத்த பலகை போடலாம்" என்றார்.

முஸ்பிறா புருசனின் எடையைச் சொன்னாள். சொன்ன பிறகு இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

வேலை அவர்களுடைய வளவில், வேப்பமரத்துக்குக் கீழே நடந்தது. றம்ஸீன் முதலில் கதிரையில் இருந்து சும்மா பார்த்துக்கொண்டிருந்தான். பாக்கியராசா ட்றில்லை எடுத்து வண்டியின் தரையில் துளை போடக் குனிந்ததும், கதிரை பின்னால் விழ எழும்பிவிட்டான்.

"அண்ணன், அண்ணன்! தரையில துளைக்காதீங்க. கீழ டீசல் டாங்கி!"

பாக்கியராசா ட்றில்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். றம்ஸீன் உள்ளே ஏறினான். கடைசி வரிசைச் சீட்டுகளை முன்னமே கழற்றியிருந்தார்கள். அவை பூட்டியிருந்த இடத்தில் போல்ட் துளைகள் புழுதி அடைத்துக் கிடந்தன. விரலால் தோண்டி, வாயால் ஊதி, ஒவ்வொன்றாகக் காட்டினான்.

"கொம்பனிக்காரனே துளை போட்டுத்தானே வெச்சிரிக்கான். இதிலயே இரும்புச் சட்டத்தைப் பூட்டுங்க. மலையில ஏறினாலும் அசையா."

அதற்குப் பிறகு அவன் கதிரைக்குத் திரும்பவில்லை.

சில்லுக்கு மேலே உள்ளே பொங்கி நிற்கும் மேடுதான் பெரிய தொல்லை. அதன் வளைவுக்குச் சரியாகப் பலகையை வெட்ட வேண்டும். பாக்கியராசா ஒரு காட்போட் மட்டையை மேட்டோடு சேர்த்துப் பிடித்தார். றம்ஸீன் சின்ன மரத்துண்டில் பென்சிலைச் சேர்த்துக் கட்டி, அந்தத் துண்டை மேட்டின் மேல் உரசிக்கொண்டே நகர்த்தினான். மட்டையில் கோடு தானாக வளைந்து விழுந்தது. வெட்டி எடுத்தபோது அது வளர்பிறை போல இருந்தது. முஸ்பிறா அதைக் கையில் வாங்கி வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தாள். அதன் நிழல் மணலில் விழுந்தது. மூன்று பேரும் காரணமில்லாமல் கொஞ்ச நேரம் அந்த நிழலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அந்த நாட்கள் அவளுக்கு மெதுவான நாட்கள். வாள் இழுக்கும் சத்தம், பலகைத் தூளின் இனிப்பு வாசம், கடலிலிருந்து வந்து வேம்பை அசைத்துவிட்டுப் போகும் காற்று. தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்துவிட்டு அவள் படியில் இருந்து பார்ப்பாள். றம்ஸீனின் கை வேலை செய்யும்போது அவன் முகம் பழைய முகமாக இருந்தது. உறங்காதவனின் காதுக்கு எல்லாம் கேட்கும் போலும். மரமும் இரும்பும் உரசும் இடத்தில், யாருக்கும் கேட்காத ஒரு முனகல் அவனுக்குக் கேட்டது. பழைய சைக்கிள் ட்யூப்பை வாராக வெட்டி இரண்டுக்கும் நடுவில் வைத்தான். பூட்டினான், தட்டிப் பார்த்தான், திரும்பக் கழற்றினான்.

தட்டு இரண்டு துண்டாக இருந்தது. பின்துண்டு சட்டத்தில் அசையாமல் நின்றது. முன்துண்டு பிணைச்சலில் மடியும். நடு வரிசைச் சீட்டை மடித்துவிட்டு விரித்தால் ஒரு கால் கீழே ஊன்றிக்கொள்ளும்.

"இவ்வளவு நீளம் என்னத்துக்கு?" என்று ஒரு நாள் அவன் கேட்டான்.

பாக்கியராசா உளியைத் தீட்டுவதில் மும்முரமாகிவிட்டார்.

"குழாய் ஏத்தலாம். ஏணி ஏத்தலாம்" என்றாள் முஸ்பிறா.

"நம்மக்கிட்ட ஏணி இல்லையே?"

"வாங்கலாம்."

அவன் அவளைப் பார்த்தான். அவள் தேத்தண்ணிக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

*

மெல்லிய மெத்தையைத் தட்டின் மேல் ஒட்டி, சாம்பல் நிறச் சீலை இழுத்து ஆணியடித்து, பாக்கியராசா தன் சாமான்களைக் கட்டிக்கொண்டு போன பிறகு, அடுத்த நாள் நடுப்பகல் ளுஹர் தொழுதுவிட்டு இரண்டு பேரும் ஜீப்பில் ஏறினார்கள். வேலை எப்படி இருக்கிறதென்று ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று றம்ஸீன் சொன்னான். அவனை எப்படிப் பின்னால் படுக்க வைப்பது என்று முஸ்பிறா காலையிலிருந்து யோசித்து ஒன்றும் தோன்றாமல் இருந்தாள். யோசனைக்கு வேலையே வரவில்லை. கடற்கரை வீதியில் திரும்பியதும் பின்னால் எங்கோ "கிறீச்" என்றது.

றம்ஸீன் தலையைச் சாய்த்துக் கேட்டான். "கேட்டயா?"

"ஓம், கேட்டது."

"நிப்பாட்டு. நான் பின்னால ஏறுறன். ஓடும்போதுதான் அது கத்தும். நீ ஓட்டு, நான் காதை வெச்சிப் பாக்கிறன்."

அவன் ஆணி முடுக்கும் திருப்புளி ஒன்றை எடுத்துக்கொண்டு பின்னால் ஏறித் தட்டின் மேல் குப்புறப் படுத்தான். காதைப் பலகையோடு சேர்த்து வைத்தான். முஸ்பிறா பிஸ்மி சொல்லிக் காலை மெதுவாக அழுத்தினாள்.

"வலப்பக்கம்தான்" என்று குரல் வந்தது. "சட்டத்தில இல்ல... கொஞ்சம் பள்ளத்தில விடு... ஆ... மேட்டுக்கிட்ட... இல்ல, அதுக்கு முன்னால..."

குரல் ஒவ்வொரு சொல்லுக்கும் கொஞ்சம் தள்ளிப் போனது. அடுத்த சொல்லுக்காக அவள் காத்திருந்தாள். வரவில்லை. திருப்புளி கையிலிருந்து நழுவி மெத்தையில் உருண்டது.

சாய்ந்தமருது வரை போய்த் திரும்பி வருவதாகத்தான் எண்ணம். ஆனால் திருப்புவதென்றால் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் எழும்பிவிடுவான். முஸ்பிறா பிரதான வீதியில் ஏறித் தெற்கே போனாள். வீட்டுக் கேற் திறந்து கிடந்தது, கொடியில் உடுப்புக் காய்ந்துகொண்டிருந்தது. கிடக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

காரைதீவு போயிற்று. நிந்தவூரில் இரண்டு பக்கமும் வயல் வீதியை நெருங்கி வந்து, இளம்பச்சையாக ஜீப்போடு கூட ஓடியது. ஒலுவிலில் படிக்கிற பிள்ளைகள் குடை பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றார்கள். அவளுடைய கைபேசி அடித்தது. சபூறாவாக இருக்கும், கேற் திறந்து கிடப்பதைச் சொல்ல. அவள் எடுக்கவில்லை. அட்டாளைச்சேனையில் மாடுகள் வீதியைக் கடந்தன. நிறுத்தாமல், ஊர்ந்து ஊர்ந்து, மாட்டின் வாலோடு வாலாக நடந்து கடந்தாள்.

அக்கரைப்பற்றில்தான் மாட்டிக்கொண்டாள். பஸ் சந்தி நிறைய வாகனம். நெல்மூட்டை ஏற்றிய லொறி ஒன்று குறுக்கே பின்னுக்கு வந்துகொண்டிருந்தது. நிற்கத்தான் வேண்டியிருந்தது. எஞ்சினை உறும விட்டபடி, பிறேக்கை விட்டுவிட்டுப் பிடித்து, ஜீப்பை நின்ற இடத்திலேயே முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மோட்டார் சைக்கிள்காரன் இவளுக்கு என்ன பைத்தியமா என்று பார்த்தான். பின்னால் குறட்டை தொடங்கியது. அவள் அந்தச் சத்தத்தை மறந்தே போயிருந்தாள். கலியாணம் முடித்த புதிதில் அதற்காக அவனைத் திட்டியிருக்கிறாள். இப்போது அதைக் கேட்கக் கேட்க முதுகில் யாரோ எண்ணெய் தடவி விடுவது போல இருந்தது.

அக்கரைப்பற்றைத் தாண்டி அவள் இதற்கு முன் ஓட்டியதில்லை. அங்கால வீதி வேறு ஒன்றாக இருந்தது. வெயில் சாய்ந்து, பழுத்த நிறத்தில் எல்லாவற்றின் மேலும் கிடந்தது. வீதிக்குப் பக்கத்தில் தண்ணீர் வந்தது, போனது, திரும்ப வந்தது. அது கடலோரக் களப்பா, குளமா, நேற்றைய மழையா என்று தெரியவில்லை. கொக்குகள் நின்றன, நிற்கிற கொக்கும் தண்ணீரில் தலைகீழாக நிற்கிற கொக்கும் ஒரே காலில் நின்றன. எருமைகள் கழுத்தளவு தண்ணீரில் கண்ணை மூடிக்கொண்டிருந்தன. ஓட்டுகிறோம் என்பதே அவளுக்கு மறந்து போயிற்று. வீதிதான் ஜீப்புக்கு அடியில் புகுந்து பின்னால் போய்க்கொண்டிருந்தது. உறங்குகிற மனிதனின் கனவுக்குள் அது சுருண்டுகொள்கிறதென்று நினைத்தாள். தம்பிலுவில் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

திருக்கோவிலில் மஞ்சள் விளக்கு எரிந்தது. டீசல் முடிகிறது.

பெற்றோல் செட் ஒன்று முன்னால் வந்தது. அவள் உள்ளே விட்டாள். வயதான ஒருவர் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். சட்டையில் நல்லரெத்தினம் என்று பெயர் குத்தியிருந்தது.

"எஞ்சினை நிப்பாட்டுங்க பிள்ளை."

"நிப்பாட்டாம அடிக்க ஏலாதா ஐயா?"

"அது கூடாது. சட்டம்."

அவள் திரும்பிப் பின்னால் பார்த்தாள். றம்ஸீன் இப்போது மல்லாந்து கிடந்தான். நெற்றியில் எப்போதும் கிடக்கும் அந்த இரண்டு கோடுகள் இல்லை. முஸ்பிறா சாவியைத் திருப்பினாள், திருப்பிய கையோடு கதவைத் திறந்து குதித்தாள். ஓடிப்போய் ஜீப்பின் பின்பக்கத்தில் இரண்டு உள்ளங்கையையும் வைத்துத் தள்ளினாள். வண்டி கொஞ்சம் சரிந்து திரும்பி வந்தது. இன்னொரு தரம் தள்ளினாள். இன்னொரு தரம்.

பக்கத்தில் நின்ற த்ரீவீல்காரர்கள் ஓடி வந்தார்கள். "என்ன அக்கா, ஸ்டார்ட் இல்லையா? தள்ளி விடவா?"

"வேணாம்! தள்ள வேணாம்!" என்றாள் தாழ்ந்த குரலில். மூச்சு வாங்கியது. "என்ட மனிசன் உள்ள ஒறங்கிறார். வண்டி ஆடினாத்தான் அவருக்கு ஒறக்கம். நிண்டா எழும்பிருவார். கனகாலம் ஒறங்கல்ல."

சொல்லி முடித்ததும் அவளுக்கு வெட்கமாகிவிட்டது. ஆனால் கையை எடுக்கவில்லை. அவர்கள் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார்கள். உள்ளே ஒரு மனிதன் வாயைத் திறந்துகொண்டு பிள்ளை போலக் கிடந்தான். யாரும் சிரிக்கவில்லை. ஒருவன் சுற்றிப் போய் மற்றப் பக்கத்தில் கையை வைத்தான். மற்றவன் அவள் பக்கத்தில் நின்றான்.

"பைய ஆட்டுங்கடா" என்றார் நல்லரெத்தினம். "கூடுதலா ஆட்டினா எழும்பிருவார். தோணி மாதிரி ஆட்டணும்."

அவர்கள் ஆட்டினார்கள். ஜீப் அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் வந்தது. நல்லரெத்தினம் குழாயைப் பிடித்தபடி அதோடு சேர்ந்து ஆடினார். மீன் பெட்டி கட்டிய சைக்கிளோடு வந்த ஒருவர், என்ன ஏதென்று கேட்காமலேயே, சைக்கிளைச் சாத்திவிட்டு ஒரு கை கொடுத்தார். டீசல் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. காற்றில் கடல் வாசமும் எங்கிருந்தோ சாம்பிராணி வாசமும் இருந்தன. கொஞ்ச நேரம் உலகத்தில் வேறு வேலையே இல்லாதது போல அத்தனை பேரும் அந்தப் பழைய வண்டியை ஆட்டிக்கொண்டு நின்றார்கள்.

காசைக் கொடுத்துவிட்டு அவள் ஏறினாள். நல்லரெத்தினம் கதவைத் தானே மெதுவாக, சத்தம் வராமல் சாத்தி, "போங்க பிள்ளை, போங்க" என்று கையசைத்தார்.

*

அஸர் தொழும் நேரம் போய்க்கொண்டிருந்தது. கோமாரிக்குக் கிட்டே, ஒரு பக்கம் களப்பும் மறுபக்கம் பற்றைக்கு அப்பால் கடல் இரைச்சலும் இருந்த இடத்தில், முஸ்பிறா வேகத்தைக் குறைத்தாள். எவ்வளவு தூரந்தான் ஓட முடியும்? பொத்துவில் வரும், அதற்கப்பால் காடு வரும். எங்கேயோ ஓரிடத்தில் நிற்கத்தான் வேண்டும். மணல் பாதையில் இறக்கி, மெதுவாக, இன்னும் மெதுவாக, சில்லு நிற்கிறதா ஓடுகிறதா என்று சில்லுக்கே தெரியாத மாதிரி விட்டு, சாவியைத் திருப்பினாள்.

அமைதி வந்தது. அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். வந்துட்டமா என்ற குரலுக்குக் காத்திருந்தாள்.

பின்னால் அவன் புரண்டான். ஒரு கையைக் கன்னத்துக்குக் கீழே வைத்துக்கொண்டான். மூச்சு ஒரே சீராக ஓடியது.

அவள் சத்தமில்லாமல் இறங்கினாள். போத்தல் தண்ணீரில் முகம் கைகால் கழுவி வுளூச் செய்து, ஜீப்பில் கிடந்த பாயை மணலில் விரித்துத் தொழுதாள். சுஜூதில் நெற்றியை வைத்தவளுக்கு எழும்ப மனம் வரவில்லை. மணலுக்குக் கீழே கடல் முட்டுவது நெற்றியில் தெரிந்தது. என்ன கேட்டாளோ, கேட்டாளோ இல்லையோ, அவளுக்கே தெரியாது.

சூரியன் களப்புக்குள் காலெடுத்து வைக்கும் நேரத்தில் பின்கதவு திறந்தது. றம்ஸீன் தட்டின் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு இருந்தான். கன்னத்தில் சீலையின் தையல் பதிந்திருந்தது.

"புடிச்சிட்டன்" என்றான். "பிணைச்சல் ஆணிதான். லூசா இரிக்கி."

"ஓம்."

"எங்க நிக்கிறம்?"

"கோமாரி."

அவன் களப்பைப் பார்த்தான். சூரியனைப் பார்த்தான். பிறகு தான் இருந்த தட்டைக் கையால் தடவி, தலைப்பக்கத்திலிருந்து கால்பக்கம் வரைக்கும் அதன் நீளத்தைப் பார்த்தான்.

"ஏணி" என்றான்.

முஸ்பிறா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். அவன் இறங்கி வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றான். "தோணியில போற மாதிரி இரிந்திச்சி" என்றான். "நிறையப் பேர் தண்டு வலிச்சாங்க. மொகம் ஒண்டும் தெரியல்ல." அதைக் கேட்டதும் அவளுக்கு அடக்க முடியவில்லை. அழுதாளா சிரித்தாளா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பெற்றோல் செட்டில் நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் அவனும் தலையில் கையை வைத்துக்கொண்டான். "யா அல்லாஹ், ஊர் சிரிக்கிறது போதாதெண்டு திருக்கோவிலுமா?" என்றான். ஆனால் அவன் கோபிக்கவில்லை.

கோமாரிக் கடையொன்றில் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டார்கள். அவன் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். திரும்பும்போது சாவிக்குக் கையை நீட்டினான். அவன் கண்ணைப் பார்த்துவிட்டு அவள் கொடுத்தாள். "நீ பின்னால படு" என்றான். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே ஏறிப் படுத்தாள். மெத்தையில் அவன் சூடு இன்னும் இருந்தது. பின் கண்ணாடியில் தென்னைகளின் தலை மட்டும் தெரிந்தது. ஒவ்வொன்றாக வந்து, குனிந்து பார்த்து, விலகிப் போயின. முன்னால் றம்ஸீன் கதைத்துக்கொண்டிருந்தான். கத்தாரில் மழை பெய்த ஒரு நாளைப் பற்றி, மழையில் நனைய வெளியே ஓடி வந்து நின்ற மனிதர்களைப் பற்றி. இத்தனை காலம் சொல்லாத கதை. அந்த மனிதர்கள் என்ன செய்தார்கள் என்பதைக் கேட்பதற்குள் முஸ்பிறா உறங்கிப்போனாள்.

அந்த ஒரு பயணத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய்யாகிவிடும். வீட்டில் றம்ஸீனின் உறக்கம் பிறகும் வாசலில்தான் நின்றது. ஆனால் கிழமையில் ஒரு தரமாவது அவர்கள் தெற்கே போனார்கள். சும்மா போவானேன் என்று தட்டுக்குக் கீழே அரிசி மூட்டைகளை ஏற்றி, கோமாரி ரொட்டிக் கடைக்காரருக்கு விற்றார்கள். திருக்கோவிலில் டீசல் அடிக்கும்போது நல்லரெத்தினம் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்து, "முழிப்பா?" என்று கேட்பார். ஊரும் கொஞ்ச நாள் சிரித்தது. பிறகு சபூறா வந்து, தன் மகனுடைய வானுக்கும் அப்படி ஒரு தட்டுப் போட பாக்கியராசா எவ்வளவு கேட்பார் என்று விசாரித்தாள். மெல்ல மெல்ல, வேம்புக்குக் கீழே நிற்கிற ஜீப்பிலும் றம்ஸீன் பகலில் கண்ணயர்ந்தான்.

மாரி தொடங்கியிருந்தது. ஒரு நாள் முற்பகல், மழை கூரையில் விடாமல் கொட்டிக்கொண்டிருந்தபோது, அரிசி ஏற்றப் புறப்பட்ட முஸ்பிறா அவனைக் கூப்பிட அறைக்குள் எட்டிப் பார்த்தாள். கட்டிலில், சுவர்ப்பக்கம் திரும்பி, அவன் உறங்கிக்கொண்டிருந்தான். அசையாத கட்டிலில், அசையாத வீட்டில். அவள் வாசலில் நின்று அந்த மூச்சைக் கொஞ்சம் கேட்டாள். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மூட்டைகளைத் தானே இழுத்து ஏற்றி, தனியாகப் புறப்பட்டாள். அக்கரைப்பற்றுக்கு அங்கால மழை மெலிந்து தூறலாயிற்று. களப்பும் வானமும் ஒரே நிறத்தில் கிடந்தன. எது எங்கே முடிகிறதென்று தெரியவில்லை. யன்னலை இறக்கிவிட்டாள். தூறல் முகத்தில் விழுந்தது. துடைக்காமல் ஓட்டினாள்.